மூன்று பெட்டி அம்மாள்

"பேரு கெடக்கட்டும். நீ யாரோட இருக்கே?"

எங்கள் மருத்துவமனைக்கு வந்த எவரிடமும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். இருமிக்கொண்டு வந்தவன் திகைத்துப் போவான். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில் என்று வரிசையாகப் பதில்களைத் தயாராக வைத்திருப்பான். சர்க்கார் அவனை அப்படிப் பழக்கியிருந்தது. யாரோடு இருக்கிறாய் என்றால் அதில் ஏதோ குற்றச்சாட்டு இருப்பதாக அவனுக்குப் படும். "நாங்க மருவாதியான குடும்பம், டீச்சரம்மா" என்று ஒருவன் முறைத்தான்.

"ஒன் மருவாதி எனக்கு எதுக்கு? ராத்திரி ஒனக்குப் பக்கத்துல படுக்கது யாரு, அதச் சொல்லு."

இந்த விளக்கத்தால் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

டீச்சரம்மா என்பது தாராவிக்காரர்கள் வைத்த பெயர். அவர் ஒருநாளும் யாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு திட்டுகிற பெண்பிள்ளை யாராக இருந்தாலும் அங்கே டீச்சர்தான். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஒரு கிறிஸ்தவக் கிராமத்திலிருந்து வந்தவர். செம்பூரில் அகதிகளுக்காகக் கட்டிய பாரக் குடியிருப்பு ஒன்றில் தனியாகக் குடியிருந்தார். நான் நேரில் மேடம் என்பேன். முதுகுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் வைத்திருந்த பெயர்தான் மேலே தலைப்பில் இருப்பது. அவர் என்னை 'பி.ஏ.' என்று கூப்பிடுவார். அது பாராட்டு இல்லை என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில், தாராவிக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கும் இடையே ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய சிறிய காசநோய் மருத்துவமனை அது. மராத்திக்காரரான ஒரு டாக்டர், ஊசி போட ஒரு நர்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் ஒரு எக்ஸ்ரே இயந்திரம், எல்லாவற்றையும் எழுதி வைக்க நான். நோயாளி வந்தால் அட்டை போட வேண்டும். அட்டைப் படிவத்தை அச்சடித்துக் கொடுத்தது, கோட்டைப் பகுதியில் இருந்த ஸ்தாபனத்தின் தலைமை அலுவலகம். முதல் கட்டம் குடும்பப் பெயர். அந்தப் பெயரின் அகரவரிசையில் இழுப்பறையில் அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால் ஒரு குடும்பத்து அட்டைகள் எல்லாம் தாமாகவே ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பது ஏற்பாடு. குஜராத்திக்கும் மராத்திக்கும் சேரும். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் அவரவர் அப்பா பெயரை எழுதினோம். மனைவிக்குப் புருஷன் பெயர்.

விளைவு எப்படியிருந்தது என்பதற்குப் பால் பவுடர் விவகாரம் ஒன்றே போதும். குடும்பத்துக்கு ஒரு டின் என்று ஸ்தாபனம் அனுப்பியது. ஆறுமுகம் என்ற பெயருள்ள தகப்பன்மார்களுக்குப் பிறந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாத ஐந்தாறு பேர், ஒரே குடும்பமாகக் கணக்காகி ஒரே டின்னுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவன் சுடலைமுத்து. தோல் கிடங்கில் வேலை. அவன் பெண்டாட்டி பேச்சியம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் 'சுடலைமுத்து குடும்பம்' என்று வேறு இழுப்பறையில் இருந்ததால் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு டின் போயிருந்தது. "எங்கப்பன் ஆறுமுகம் செத்து மண்ணாயிட்டான்! இவனுவ எல்லாம் எங்கேருந்துவே மொளச்சானுவ?" என்று அவன் கத்தினான். நான் படிவம் கேட்டதை எழுதியிருந்தேன். அதற்குத்தான் சம்பளம்.

சண்டையில் சன்னல் கண்ணாடி உடைந்தது. ஸ்தாபனம் விசாரித்து, பதிவேடுகளை ஒழுங்கு செய்ய ஒருவரை அனுப்பியது. அந்த ஒருவர்தான் இவர்.

இதற்கு முன் கோட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் துளையிட்ட அட்டைகளை இயந்திரத்தில் போட்டுப் பிரிக்கிற பகுதியில் மேற்பார்வையாளராக இருந்தார். யாரையும் கேட்காமல் அட்டையின் அமைப்பையே மாற்றிவிட்டார் என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவரைக் கேட்டால், "ஒரே விலாசத்த எட்டு அட்டையில குத்திட்டிருந்தானுவ. நிறுத்தினேன்" என்பார். ஒரே சேதி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருப்பதை அவரால் தாங்க முடியாது. அது அவருக்குக் கிட்டத்தட்ட உடல் உபாதை. கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டுக்கும் ஒன்று ஆபீஸுக்கும் வந்தால் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். "ஒரு சேதிக்கு ஒரு வீடுதான் இருக்கணும். ரெண்டு வீடு வச்சிட்டா ரெண்டு இடத்துலயும் பொய் சொல்லும், ஆம்பளையாட்டம்" என்பது அவர் வாக்கு. டாக்டருக்கு இதை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

உட்காரவே மாட்டார். அவருடைய நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். டீ வரும், ஒரு வாய் குடிப்பார், ஏதோ தோன்றி எழுந்து போவார், இல்லை, நின்றுகொண்டேதான் இருந்தார், நடந்து போவார். வேறொரு மூலையிலிருந்து இன்னொரு டீ சொல்வார். மாலையில் பையன் வந்து அங்கங்கே ஆறிக் கிடக்கும் கண்ணாடி டம்ளர்களைப் பொறுக்குவான். பஸ்ஸிலும் அப்படித்தான். யார் யார் ஒன்றாகப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருவார். சந்தேகம் வந்தால் கேட்டே விடுவார். ஒருமுறை முன் இருக்கையில் இருந்த இருவரிடம், "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று ஹிந்தியில் கேட்டார். அவர்கள் அடுத்த நிறுத்தத்தில், ஆளுக்கு ஒரு வாசல் வழியாக, அவசரமாக இறங்கினார்கள். "பாத்தியா, ரெண்டு வீடு" என்றார் என்னிடம்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான். பழைய அட்டையைக் கிழித்து மூன்றாக்கினார். முதல் பெட்டியில் ஆட்கள்: பெயர், வயது, நோய், ஊசி. இரண்டாவது பெட்டியில் அறைகள்: எந்தச் சந்து, எந்தக் குழாயடி, சன்னல் உண்டா இல்லையா. ஆள் அட்டையில் விலாசம் கிடையாது. அறை அட்டையில் பெயர் கிடையாது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு எண், ஒவ்வோர் அறைக்கும் ஒரு எண். அறை எண்ணைத் தாராவியில் சந்து சந்தாகப் போய் நிலைச்சட்டத்தில் பெயிண்டால் எழுதிவிட்டு வந்தார். வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து ஒரு சந்தே அழுதது.

"பேரு இருக்கறச்சே நம்பர் எதுக்கு மேடம்?" என்றேன்.

"ஒன் சட்டையில டோபி என்ன எழுதுதான்? ஒன் பேரு, ஒங்கப்பன் பேரு, மாட்டுங்காவுல எத்தனாவது மாடி, எல்லாமா எழுதுதான்? காலர்ல ஒரு குறி போடுதான். நாளைக்கு நீ வீடு மாறினா சட்டை மாறுமா?"

சரி. ஆனால் மூன்றாவது பெட்டி எதற்கு? ஆள் அட்டையிலேயே அறை எண்ணை எழுதிவிட்டால் தீர்ந்ததே என்று நான் வாதாடினேன். பி.ஏ. அல்லவா. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு, கூட்டி என்ன, பின்னால் ஓட வைத்துக்கொண்டு, தாராவிக்குள் போனார். ஒரு சாப்பாட்டு வீட்டு வாசலில் நின்றோம். ஒரு விதவை அடுப்பு வைத்து முப்பது ஆண்களுக்குச் சோறு போடும் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் காட்டி, "இவன் சாப்பிடுதது இங்க. படுக்கது மூணு சந்து தள்ளி. அங்கயும் பகல்லதான், மில்லுல ராத்திரிப் பாளி, ராத்திரி பூரா வேலை. இவன் எந்திரிச்ச பாய்ல, அந்தச் சூட்டுலயே, பகல் பாளிக்காரன் வந்து படுக்கான். இவன எந்த ரூம்ல போடுவே, சொல்லு" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்தான் சொன்னான்: "எங்கயாச்சும் போடுங்கம்மா, கொளம்பு ஆறுது."

ஆக, மூன்றாவது பெட்டியில் மெல்லிய சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் எண், ஓர் அறை எண், எந்தத் தேதியிலிருந்து, படுக்கவா சாப்பிடவா. அவ்வளவுதான். ஒருவனுக்கு மூன்று அறை என்றால் மூன்று சீட்டு. சீட்டுகளின் ஓரத்தில் துளைகள்; எண்ணுக்கு ஏற்றபடி சில துளைகளை வெட்டித் திறந்து விட்டிருப்பார். ஓர் அறையில் யார் யார் என்று தெரிய வேண்டுமானால் ஸ்வெட்டர் பின்னும் நீண்ட ஊசிகளை உரிய துளைகளில் செருகித் தூக்கி உதறுவார். அந்த அறைக்காரர்களின் சீட்டுகள் மட்டும் பொலபொலவென்று மேஜையில் விழும். பெயர்களை எடுத்துப் பார்த்தால் தகப்பன், மகன், கொழுந்தியாள், பகலில் படுப்பவன், எல்லோரும் இருப்பார்கள். "விழுந்தாச்சு!" என்று கத்துவார்.

இதனால் எல்லோருக்கும் நன்மை விளைந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முதல் சில மாதங்கள் வரிசை தெருவரை நீண்டது. ஒரு நோயாளியைப் பார்க்க மூன்று பெட்டி திறக்க வேண்டுமா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்; அவர் ஆங்கிலத்தில் கேட்டால் கோபம் என்று பொருள். கோட்டையிலிருந்து பழைய படிவமே போதுமே என்று கடிதம் வந்துகொண்டிருந்தது. போதாததற்கு அந்த அம்மாள் தன் ஏற்பாட்டையே சும்மா விட மாட்டார். வாரத்துக்கு ஒரு திருத்தம். ஒழுங்காக ஓடுகிற பெட்டியைப் பார்த்தால் அவருக்கு அரிப்பு எடுக்கும்.

பேச்சியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தேறிய சமயத்தில் பெரிய பெண்ணுக்கு வந்தது. பிறகு சின்னதுக்கும். அந்த அறையில் இன்னும் யாரோ இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் டாக்டர். சுடலைமுத்துவிடம் கேட்டு வீட்டிலுள்ளவர்களை எழுதிக்கொண்டு எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார். சுடலைமுத்துவின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அத்துடன் அவன் ஒரு முடிவுக்கு வந்தான்: நோய் பெண்டாட்டி கொண்டு வந்தது. அவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். பிள்ளைகள் ஆண்டாப் ஹில்லில் அவன் அக்காள் வீட்டில் இருக்கட்டும். ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டான்.

பேச்சியம்மாள் ஊசி வரிசையில் நின்று அழுதாள். "போனா திரும்பக் கூப்பிட மாட்டாக டீச்சரம்மா. ஊர்ல ஊசிக்கு நான் எங்க போவேன்?"

அம்மாள் சுடலைமுத்துவை வரவழைத்தார். "எவனால வந்துச்சுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்லுதேன். சனிக்கிழம வரைக்கும் டிக்கெட்ட மடியில வச்சிரு."

"கண்டுபிடிச்சு அவ இல்லன்னு ஆச்சுன்னா அனுப்பல. யாருன்னு எனக்குப் பேரு வேணும்."

"தாரேன்."

அவன் போனதும் ஊசிகளைச் செருகி உதறினார். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டு. ஐந்தாவதாக ஒரு சீட்டு விழுந்தது. மாடசாமி என்ற மில் தொழிலாளி. விலாசமாக அவன் சாப்பாட்டு வீட்டைத்தான் கொடுத்திருந்தான். பகலில் எங்கே படுப்பாய் என்று அம்மாள் குடைந்ததில் இந்த அறையையும் சொல்லியிருக்கிறான். சளியில் கிருமி உண்டு. மாதக் கணக்கில் ஊசிக்கு வரவில்லை. பழைய முறையில் அவன் அட்டை தன் தகப்பன் பெருமாளின் பெயரோடு வேறு இழுப்பறையில், வேறு விலாசத்தில், நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

"விழுந்தாச்சு!" என்று வழக்கம்போல் கத்தினார். பேச்சியம்மாளை உள்ளே அழைத்தார். "ஏட்டி, மாடசாமி ஒனக்கு யாரு?"

"கூடப் பொறந்தவன்."

"எக்ஸ்ரேக்கு ஏன் சொல்லல?"

"டாக்டரு வீட்டுக்காரரத்தான கேட்டாக. பகல்ல வந்து படுத்திட்டுப் போறவன் என்ன வீட்டு ஆளான்னு அவுக சொல்லாம விட்டாக. இருமறது பஞ்சுத் தூசின்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா ஒன் ஆளுதான் கொண்டாந்தான்னு என்னயும் அவனயும் சேத்துல்லா தள்ளுவாக." பிறகு, "சொல்லிராதீய" என்றாள்.

சனிக்கிழமை வரை அந்த அம்மாள் நடந்த நடையில் எங்கள் தரையின் சிமெண்ட் தேய்ந்திருக்கும். உண்மையைச் சொன்னால் பேச்சி போவாள், சொல்லாவிட்டாலும் போவாள். வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். நோயாளியின் விவரங்களைப் பிறருக்குச் சொல்லக் கூடாது என்று விதி இருப்பதை நான் நினைவூட்டினேன். அந்த விதியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஆங்கிலம் தெரியாதவர்கள் நிற்கும் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

"பெண்டாட்டியத் தள்ளி விடாதேன்னு ஒன் சுவத்துல விதி இருக்கா பி.ஏ.?" என்றார். இல்லை.

சனிக்கிழமை சுடலைமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "பேரு சொல்லுங்க."

அம்மாள் அவனுடைய எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது யாரு படம்?"

"எம்படம்."

"இங்கன வெள்ளையா ஓடுது பாத்தியா, இது என்னது?"

"என்னது?"

"ஒனக்கு வந்து தானா ஆறிப்போன தடம். ஒன் ஒடம்பு தாங்கிச்சு, ஆறிருச்சு. அவ ஒடம்பு தாங்கல. நீதான்ப்பா."

"நானா? எனக்கு இருமலே கெடயாதே!"

"ஊருக்கு அனுப்பணும்னா ஒன்னயத்தான் அனுப்பணும்."

அவன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. "இத எழுதி வச்சிருக்கீயளா?" என்றான் மெதுவாக.

"எழுதல. எழுதணுமா?"

"வேண்டாம்."

வெளியே போகும்போது டாக்டர் எதிரே வந்தார். சுடலைமுத்து அவரைக் கும்பிட்டு, "எனக்கு நெசமாவே ஆறிருச்சாய்யா?" என்று தமிழில் கேட்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறான் என்று மொழிபெயர்த்தேன். "அச்சா, அச்சா" என்று அவன் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"மேடம், அது காறை எலும்பு. எல்லார் படத்துலயும் இருக்கும்" என்றேன்.

"தெரியும். போயி மாடசாமியக் கூட்டிட்டு வா."

மாடசாமிக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை கிடைத்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். இரண்டு மாதத்துக்கு மேல் இருந்து, கிருமி நின்று, கன்னத்தில் சதை போட்டுத் திரும்பினான். ஊர்த் தண்ணி என்று தாராவி பாராட்டியது. பிள்ளைகளும் தேறின. டிக்கெட் எப்போதோ ரத்தாகியிருந்தது. விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் எனக்கும் திருப்திதான்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு பேச்சியம்மாள் வந்தாள். "நீங்க சொன்ன நாளையிலருந்து அவுக உள்ள படுக்கதே இல்ல டீச்சரம்மா. சந்துல, வாசலுக்கு வெளியத்தான் கெடக்காக. தனித் தட்டு, தனி டம்ளரு. சின்னவ ஓடிப் போயிக் காலக் கட்டினா, 'தொடாத, தொடாத'ன்னு அலறுதாக. எனக்குப் பாக்க முடியல. நானே எல்லாத்தையும் சொல்லிரட்டா?"

"நீ வாயத் தொறக்காத" என்றார் அம்மாள்.

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சுடலைமுத்து சாக்கடையோரம் பாயை விரித்துக்கொண்டிருந்தான். சந்தில் ஆள் நிறைந்திருந்த நேரம். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"சுடலைமுத்து, ஒனக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான் காட்டுனது ஒன் படம் இல்ல. வேற ஒருத்தன் படம். என் பெட்டியில மாறிப்போச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவர் பெட்டியில் ஒரு சீட்டு இடம் மாறி நான் பார்த்ததே கிடையாது. மாறியது என்று யாராவது சொல்லியிருந்தால் அவனைப் பஸ்ஸிலிருந்து தள்ளியிருப்பார்.

"மாறிப்போச்சா?" என்றான் சுடலைமுத்து. எழுந்தான். "மாறிப்போச்சாம்ல! எம்புட்டு நாளு சந்துல கெடந்தேன்! எலி வந்து கால நக்குச்சு! ஒம்ம பெட்டியில தீய வைக்க! மூணு பெட்டி வச்சிருக்காகளாம் மூணு பெட்டி, ஒரு படத்த ஒழுங்கா வைக்கத் தெரியல!" சந்து முழுவதும் சிரித்தது. "அப்ப யாருதான் கொண்டாந்தது?"

"தெரியல. பெட்டியில இல்ல."

அவன் இன்னும் நாலு வார்த்தை திட்டினான். இங்கே எழுத முடியாதவை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அவன் பாயைச் சுருட்டினான். வாசலில் நின்ற சின்னப் பெண்ணை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். பேச்சியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சுடலைமுத்து சும்மா இருக்கவில்லை. யாரையோ பிடித்து மனு எழுதிக் கோட்டைக்கு அனுப்பினான். கோட்டை காத்துக்கொண்டிருந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதுவது என் துறை. மனு உரிய வழியில் வரவில்லை என்று திருப்பலாம். டாக்டரின் கருத்தைக் கேட்டு ஒரு வருஷம் இழுக்கலாம். படத்தை மறுபடி சரிபார்க்கக் குழு கேட்கலாம். எல்லாவற்றையும் விளக்கினேன்.

"சரிபாத்தா படம் அவன் படம்தான்னு வந்துரும்லா" என்றார். "எழுது. 'படம் மாறிவிட்டது. தவறு என்னுடையது.' அவ்வளவுதான்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். மாத முடிவில் மூன்று பெட்டிகளும் கோட்டைக்குப் போயின. பழைய படிவம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அவரை மறுபடி வரச் சொல்லவில்லை. போகிற அன்று கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"பேச்சி, அவ புருஷன், பிள்ளைக ரெண்டு, மாடசாமி. அஞ்சு பேரும் ஒரே ரூமு. ஒருத்தனுக்கு ஊசி தப்பினா மத்த நாலு பேரையும் பாக்கணும். ஞாபகம் வச்சுக்கோ."

பஸ் வருகிற சத்தம் கேட்டு ஓடினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த ஐந்து அட்டைகளும் விதிப்படி மூன்று இழுப்பறைகளுக்குப் போயின. மாதா மாதம் நான் அவற்றை வெளியே எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதனதன் இடத்தில் போடுவேன். பிற்பாடு தணிக்கைக்கு வந்த ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, இவர்கள் ஒரே குடும்பமா என்று கேட்டார். படிவப்படி இல்லை என்றேன். அப்படியானால் எந்த விதியின் கீழ் இவற்றைச் சேர்க்கிறீர்கள் என்றார். எனக்குத் தெரியாத விதி கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அப்படி ஒரு விதி இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தேன்.